கூரைப் பாலங்களைக் கட்டியவரின் தீவில் ஒரு பகல்

பிலடெல்பியாவுக்குப் போனால் பிள்ளைகள் முதலில் கேட்பது கலைக்கூடத்துப் படிகளைத்தான். 'றொக்கி' படத்தில் அந்தக் குத்துச்சண்டைக்காரர் ஓடி ஏறிக் கைகளை உயர்த்துவாரே, அதே படிகள். சென்ற வருடம் ஒரு கலியாண வீட்டுக்காக ரொறன்ரோவிலிருந்து அங்கே போயிருந்தோம். எங்கள் பிள்ளைகளும் மூன்று தரம் ஏறி மூன்று தரம் இறங்கினார்கள். அதுவரை சும்மா நிற்பானேன் என்று பெரியவர்கள் நாங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஓடும் ஸ்கூல்கில் ஆற்றங்கரைக்கு இறங்கினோம். அங்கே நகரத்தின் பழைய நீர் வழங்கு நிலையம் இருக்கிறது. உள்ளே மாட்டியிருந்த ஒரு பழைய படத்துக்கு முன்னால் நின்ற எங்கள் பெரியத்தான் அதைவிட்டு நகர மறுத்துவிட்டார்.

படத்தில் அதே ஆறு. அதன் குறுக்கே ஒரு மரப்பாலம். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. இந்தக் கரையில் கிளம்பி ஒரே வளைவாக அந்தக் கரையில் இறங்குகிறது. மேலே வீட்டுக்குப் போடுவது போலக் கூரை. பக்கங்களில் பலகை அடைப்பு, அதில் யன்னல்கள்.

"இது மரமே? உண்மையாய் மரமே?" என்று பெரியத்தான் இரண்டு தரம் கேட்டார்.

அவர் ஊரில் தச்சுப்பட்டறை வைத்திருந்தவர். கதவு, யன்னல், கூரை, கோயில் வாகனம் என்று எல்லாம் செய்தவர். இங்கே வந்து பதினொரு வருடமாகக் கட்டடங்களில் ட்றைவோல் அடிக்கிறார். வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் தன் பட்டறை வேலைகளின் படங்களை மேசையில் பரப்பிக் காட்டியிருக்கிறார். அங்கிருந்தவர் மரியாதையாகப் பார்த்துவிட்டு, "கனடிய அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை இதை வாசிப்பவர்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் படங்களை வெளியே எடுத்ததில்லை.

அந்தப் பாலத்தைக் கட்டியவரும் வந்தேறியவர்தான் என்று அறிந்தபோது, அவர் வாழ்ந்து முடித்த இடத்தையும் ஒருமுறை பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். மேற்கு வேர்ஜினியாவில் ஹார்ப்பர்ஸ் பெரி என்று ஒரு சிற்றூர். இந்த வருடம் ஒரு நீண்ட வார இறுதியில் இரண்டு குடும்பம், எட்டுப் பேர், ஒரு வானில் வெளிக்கிட்டோம்.

அவர் பெயர் லூயிஸ் வேர்ன்வாக். 1769இல் இன்றைய ஜேர்மனியின் வூர்ட்டம்பேர்க் பகுதியில் பிறந்தவர். பதினாறு வயதில் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் மலையில் ஓர் ஆட்டிடையன் அவரை ஒளித்து வைத்திருந்தான் என்றும், பிறகு ஒல்லாந்துக்குத் தப்பிக் கப்பலேறினார் என்றும் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. 1786இல் பிலடெல்பியாவில் வந்து இறங்கினார். பதினாறு வயதுப் பிள்ளையை ஒளித்து வைப்பது என்றால் என்ன என்று எங்களில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. வானில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தபோது பின் இருக்கையிலிருந்து எங்கள் இளையவள் கேட்டாள்: "அப்ப அந்த இடையனை அவங்கள் பிடிக்கேல்லையா?" வான் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் ஓடியது.

வந்தவுடன் அவர் பாலம் கட்டவில்லை. முதலில் சாணைக்கல் செய்யும் ஓர் இயந்திரம் செய்தார். பிறகு ஆலை வேலைகள். 1809 அளவில் நியூ ஜேர்சியில் ஓக் மரக் காணிகள் வாங்கிக் கடற்படைக் கப்பல்களுக்கு மரம் கொடுத்தார். அவர் பெயர் சொல்லும் முதல் பாலங்கள் 1810இலும் 1811இலும் பிலடெல்பியாவுக்கு அருகே இரண்டு சிற்றாறுகளின் மேல் எழுந்தவை. அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வந்து இருபத்துநான்கு வருடம். இந்தக் கணக்கைப் பெரியத்தான் வானில் விரல் விட்டு எண்ணினார்.

அடுத்த வருடமே ஸ்கூல்கில் ஆற்றுப் பாலத்தைக் கையிலெடுத்தார். 1812இல் வேலை தொடங்கியது. (அதே வருடம்தான் அமெரிக்கா, நாம் இப்போது வாழும் கனடாவின் மேல் படையெடுத்தது.) 1813 தையில் பாலம் திறக்கப்பட்டது. கரைக்குக் கரை 340 அடி. ஒரு காற்பந்து மைதானத்தின் நீளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய அமெரிக்காவில் அவ்வளவு தூரம் ஒரே தாவலில் தாண்டிய பாலம் வேறில்லை. சனங்கள் அதைக் 'கொலோசஸ்', அதாவது பேருரு, என்று அழைத்தார்கள். கூரைக்கும் வாசல் அலங்காரத்துக்கும் பொறுப்பாக இருந்தவர் ரொபேர்ட் மில்ஸ். பின்னாளில் வாசிங்டன் நினைவுத் தூணை வடிவமைத்தவர் இவரே.

வளைவுகளைத் தாங்கிய தாங்குகட்டைகளை எடுக்கும் நாள் பற்றி ஒரு கதை உண்டு. அக்காலத்தில் இப்படிப்பட்ட பாலங்கள் பங்கு சேர்த்துக் கட்டியவை. சுங்கம் வாங்கிக் காசை எடுப்பார்கள். பங்குக்காரர்கள் வந்து கூடினார்கள். கட்டையை எடுத்தால் பாலம் நிற்குமா என்று ஒருவர் கேட்டார். வேர்ன்வாக் அவர்களைக் கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம். கட்டைகள் முதல் நாளே எடுபட்டிருந்தன. கட்டைக்கும் வளைவுக்கும் நடுவில் இடைவெளி. பாலம் ஓர் இரவு முழுவதும் தன் காலில் நின்றிருக்கிறது.

பெரியத்தானுக்கு இந்தக் கதையை விட மரம் அறுத்த விதம்தான் பிடித்தது. வேர்ன்வாக் பெரிய மரங்களை முழுசாகப் போடவில்லை. வைரத்தின் நடுவால் பிளந்து அறுத்தார். உள்ளே உழுத்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும், மரமும் சீராகக் காயும். பிளந்த துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட விடாமல், நடுவில் இரும்பு இணைப்புகள் கொடுத்துக் காற்றுப் போக இடம் விட்டார். ஒரு துண்டு பழுதானால் மற்றவற்றைக் குலைக்காமல் அதை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பது அவருடைய எண்ணம். "மரத்தைத் தெரிஞ்ச ஆள்" என்றார் பெரியத்தான். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அது.

பாலத்துக்கு எதற்குக் கூரை என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதற்குப் பதில் வழியிலேயே கிடைத்தது. 15ஆம் இலக்க நெடுஞ்சாலையால் பென்சில்வேனியாவைக் கடந்து மேரிலாந்துக்குள் இறங்கினால் பிரெடரிக் மாவட்டத்தில் இன்றும் மூன்று கூரைப் பாலங்கள் இருக்கின்றன. அவற்றுள் லோய்ஸ் ஸ்ரேஷன் பாலத்தடியில் சின்னப் பூங்காவும் மேசைகளும் உண்டு. கட்டிக்கொண்டு போன புட்டையும் கத்தரிக்காய்க் கறியையும் அங்கேதான் அவிழ்த்தோம்.

பாலத்துக்குள் நுழைந்தால் ஒரு பெரிய மாட்டுக்கொட்டிலுக்குள் நிற்பது போலிருக்கிறது. மர வாசனை. பலகை இடுக்குகளால் வெயில் கோடு கோடாக விழுகிறது. காருக்கும் வழி உண்டு. ஒரு கார் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். பனி விழாமல் இருக்கத்தான் கூரை என்று எங்களில் ஒருவர் சொன்னார். அது சரியில்லை. அந்தக் காலத்தில் மாரியில் சனங்கள் பனிச்சறுக்கு வண்டியில் போவார்கள் என்பதால், கூரைப் பாலத்துக்குள் ஆள் வைத்துப் பனியை அள்ளிக் கொட்ட வேண்டியிருந்தது. கூரை போட்டது மனிதருக்காக அல்ல, மரத்துக்காக.

பெரியத்தான் ஒரு பொருத்தைத் தடவிக் காட்டினார். "மழை மரத்தில விழுந்தால் ஒண்டுமில்லை, காஞ்சிடும். பொருத்துக்குள்ள இறங்கி நிண்டால்தான் சாவு. இந்தப் பொருத்துக்குக் குடை பிடிச்சிருக்கிறாங்கள்." அமெரிக்காவின் முதல் கூரைப் பாலம் என்று கருதப்படுவதை 1805இல் அதே ஸ்கூல்கில் ஆற்றில் கட்டியவர் திமோதி பாமர். திறந்த மரப்பாலம் பத்துப் பன்னிரண்டு வருடம் நிற்கும், மூடினால் முப்பது நாற்பது வருடம் நிற்கும் என்பது அவர் கணக்கு. உண்மையில் நன்றாகப் பராமரித்தவை நூற்றைம்பது வருடத்தையும் தாண்டி நிற்கின்றன. இலங்கையிலும் பதுளைப் பக்கம் போகொடவில் ஓடு வேய்ந்த பழைய மரப்பாலம் ஒன்று உண்டு. பெரியத்தான் இளவயதில் வேலைக்குப் போன இடத்தில் அதைப் பார்த்திருக்கிறார். அப்போது அது ஏனென்று யோசிக்கவில்லையாம்.

மழையிலிருந்து தப்பும் பாலத்துக்கு நெருப்புத்தான் எமன். லோய்ஸ் ஸ்ரேஷன் பாலம் 1991இல் யாரோ வைத்த தீயில் எரிந்து, மிஞ்சிய மரங்களையும் சேர்த்து 1994இல் திரும்பக் கட்டப்பட்டது. கொலோசஸுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. 1838 புரட்டாதி முதலாம் திகதி அது எரிந்து ஆற்றில் விழுந்தது. கட்டி இருபத்தைந்து வருடம். கட்டியவர் அப்போது உயிரோடிருந்தார்.

அங்கிருந்து ஹார்ப்பர்ஸ் பெரி ஒரு மணித்தியாலத்துக்குள். பொட்டோமக் ஆறும் செனண்டோவா ஆறும் கூடும் முனையில், செங்குத்தான மலைகளுக்கு நடுவில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பகுதி இப்போது தேசியப் பூங்கா. வானை மேலே வரவேற்பு நிலையத்தில் விட்டுவிட்டுப் பூங்காவின் பஸ்ஸில் கீழே இறங்கினோம்.

வேர்ன்வாக் இங்கே வந்தது 1824இல், ஐம்பத்துநான்கு வயதில். அதற்கிடையில் அவர் ஒரு இடத்தில் இருக்கவில்லை. பென்சில்வேனியாவில் ஓர் ஆணி ஆலையைப் பொறுப்பெடுத்து அதற்குப் 'பீனிக்ஸ்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரிலிருந்தே பீனிக்ஸ்வில் என்ற ஊர் வந்தது. நியூ ஹோப்பில் டெலவேயர் ஆற்றுக்கு மேல் ஆறு வளைவுகள் கொண்ட பாலம் 1814இல் முடிந்தது. 1819இல் மேரிலாந்தில் கொனோவிங்கோவுக்குப் போய் மர ஆலை வைத்தார். கடைசியில் செனண்டோவாக் கரையோரத் தீவொன்றை வாங்கி இங்கே குடியேறினார். வேர்ஜீனியஸ் தீவு என்று பெயர். கட்டிய பாலங்கள் மொத்தம் முப்பதுக்குச் சற்றுக் குறைவு.

இங்கே அவர் கட்டியது பொட்டோமக்கின் மேல் போல்ரிமோர்-ஒகையோ புகையிரதப் பாதைக்கான கூரைப் பாலம். வடிவமைத்தவர் பெஞ்சமின் லற்றோப் என்ற பொறியியலாளர், கட்டியவர் வேர்ன்வாக். 1836-37இல் முடிந்தபோது அவருக்கு அறுபத்தேழு வயது. இன்று அந்த இடத்தில் ஆற்றுக்குள் கல் தூண்கள் மட்டும் நிற்கின்றன. பக்கத்துப் புகையிரதப் பாலத்தோடு சேர்ந்த நடைபாதையில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும். தூணில் நாரை ஒன்று நின்றது. பிள்ளைகளுக்கு நாரைதான் முக்கியமாக இருந்தது.

1859 ஐப்பசி 16ஆம் திகதி இரவு அந்தக் கூரைப் பாலத்தின் இருட்டுக்குள்ளால்தான் ஜோன் பிறவுண் என்பவர் தன் ஆட்களோடு ஊருக்குள் வந்தார். அரசாங்கத்தின் ஆயுதக் களஞ்சியத்தைக் கைப்பற்றி, அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களை எழுப்பி விடுவது அவர் நோக்கம். பாலத்துக் காவலாளியைத்தான் முதலில் பிடித்தார்கள். வந்தவர்களில் டேஞ்சர்பீல்ட் நியூபி என்று ஒருவர். தான் விடுதலையானவர், மனைவியும் பிள்ளைகளும் வேர்ஜினியாவில் அடிமைகளாக இருந்தார்கள். தன்னை விற்கப் போகிறார்கள், எப்படியாவது வாங்கி மீட்டுவிடுங்கள் என்று மனைவி எழுதிய கடிதங்கள், அடுத்த நாள் தெருவில் சுடப்பட்டுக் கிடந்த அவருடைய உடலில் இருந்தன. அந்தக் கடிதங்களைப் பற்றி வாசித்ததும் எங்கள் வீட்டுக்காரி வெளியே போய் நின்றுவிட்டாள். பிறவுண் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அவர் பதுங்கிய சிறு கட்டடத்தை நான்கு தரம் இடம் மாற்றி இப்போது பழைய இடத்துக்கு அருகே வைத்திருக்கிறார்கள்.

1861 ஆனி 14ஆம் திகதி, உள்நாட்டுப் போர் தொடங்கியதும், பின்வாங்கிய தென்பகுதிப் படை அந்தப் பாலத்தைத் தகர்த்தது.

போரும் வேர்ன்வாக்கின் பாலங்களும் இன்னோர் இடத்திலும் சந்தித்தன. அது நாங்கள் போகாத இடம், கென்ரக்கி மாநிலம். அங்கே கென்ரக்கி ஆற்றுக்கு மேல் 1838இல் 240 அடிக்கு ஒரே தாவலாக ஒரு கூரைப் பாலம் கட்டியிருந்தார். மாநிலத் தலைநகருக்கு மேலே அந்த ஆற்றைக் கடக்க வேறு பாலம் இல்லை. அதனால் வட பகுதிப் படை 1863இல் பாலத்தடியிலேயே 'காம்ப் நெல்சன்' என்ற பெரிய முகாமை அமைத்தது. அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின ஆண்கள் படையில் சேர்ந்து விடுதலை பெற்றார்கள். கூட வந்த மனைவி பிள்ளைகளுக்கு அந்த விடுதலை இல்லை. 1864 கார்த்திகையில் கடும் குளிரில் ஏறத்தாழ 400 பெண்களையும் குழந்தைகளையும் முகாமிலிருந்து வண்டிகளில் ஏற்றித் துரத்தினார்கள். குடிசைகளை அழித்தார்கள். அவர்களில் 102 பேர் இறந்துபோனார்கள். செய்தி பத்திரிகைகளில் வந்து கொதிப்பை உண்டாக்கிய பிறகு அதே முகாமில் அகதிகளுக்கென்று வீடுகள் கட்டப்பட்டன. 1865 பங்குனியில் படைவீரரின் மனைவி பிள்ளைகளுக்கு விடுதலை அளிக்கும் சட்டம் வந்தது. பட்டாளத்துக்குப் பயந்து ஓடிய பையன் கட்டிய பாலத்தடியில், பட்டாளத்தில் சேர்ந்தால்தான் மனிதன் என்று வந்தவர்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எங்களுக்குள் வெகு நேரம் கதைத்தோம். ஒருவர் சொன்னதை ஒருவர் ஏற்கவில்லை. கென்ரக்கிப் பாலத்தை 1933இல் இடித்துவிட்டார்கள்.

பிற்பகல் தீவுக்கு நடந்தோம். ஊர்த் தெரு முடியுமிடத்திலிருந்து செனண்டோவாக் கரையோடு பாதை போகிறது. 1850 அளவில் இங்கே ஏறத்தாழ 180 பேர் வாழ்ந்தார்கள். மர ஆலை, மா ஆலை, பருத்தி ஆலை, இயந்திரப் பட்டறை எல்லாம் இருந்தன. இப்போது பெரிய மரங்கள், அவற்றின் வேருக்குள் அத்திவாரக் கற்கள், தண்ணீர் வந்து சில்லைச் சுற்றிய சுரங்க வாய்கள். அவ்வளவுதான். வேர்ன்வாக் 1843இல் இவ்வூரில் இறந்தார். மகன் ஜோன் தொழிலைத் தொடர்ந்தார். 1870 புரட்டாதியில் வந்த வெள்ளத்தில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தபோது முதியவரான ஜோனை அவருடைய வீட்டோடு ஆறு அள்ளிக்கொண்டு போனது. கீழே ஓரிடத்தில் உயிரோடு மீட்டார்கள். வெள்ளம் திரும்பத் திரும்ப வந்து ஊரே தீவைக் கைவிட்டது. நியூ ஹோப் பாலத்தையும் 1903இல் வெள்ளம்தான் கொண்டுபோனது.

பெரியத்தான் ஒரு சுவரடியில் குந்தி, கல் அடுக்கிய விதத்தைப் பார்த்தார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து எங்கள் மூத்தவனிடம் கொடுத்து, ஊர்ப் பட்டறைப் படங்கள் சில அதில் இருக்கிறது, எங்கேயென்று தேடித் தரச் சொன்னார். வண்டில் சில்லு ஒன்று, ஒரு கூரை முகடு, வெளுத்துப்போன ஒரு குதிரை வாகனம். மூத்தவன் குதிரையின் கால் எப்படி உடலோடு பொருந்துகிறது என்று கேட்டான். அவர் நிலத்தில் ஒரு குச்சியால் கீறிக் காட்டத் தொடங்கினார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விடயங்கள். ரொறன்ரோவிலிருந்து எட்டரை ஒன்பது மணித்தியால ஓட்டம், நில்லாமல் போனால். கனடியக் குடியுரிமை பெற்றவர்கள் கடவுச்சீட்டோடு போகலாம். நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ள எம்மவர்கள் அமெரிக்க விசாவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். எல்லையில் போய்க் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூங்காவில் வாகனத்துக்குக் கட்டணம் உண்டு. கீழூரிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே சாரதியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தீவுக்குச் செருப்போடு போகாதீர்கள், மழை பெய்திருந்தால் பாதை சேறாக இருக்கும்.